பாட்டுக்கு ஒரு கட்டிடம், அர்த்தத்துக்கு ஒரு கட்டிடம்

1

போன வருடம் இதே நாள், காலை பதினொரு மணிக்கு, இரண்டு பேராசிரியர்களுக்கு முன்னால் நான் வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தேன். பாட்டின் முதல் அடியைப் பாடி முடித்தாகிவிட்டது. இரண்டாவது அடி எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் வெளியே வரவில்லை. என் மூன்று வருடப் படிப்பும், வரப்போகிற வேலையும், நாங்கள் இந்த ஊரில் இருப்பதா கப்பலேறுவதா என்பதும் அந்த அரை நிமிடத்தில் அந்தரத்தில் தொங்கின.

அந்த நாளின் நினைவாக என் மனைவி ராதம்மா இன்று களி கிண்டினாள். ராகி இங்கே கிடையாது. கடைக்காரரிடம் கேட்டால், அது எந்தக் கம்பெனிச் சரக்கு என்று திருப்பிக் கேட்கிறார். ஆகவே ஓட்ஸை வாங்கி, இடித்துச் சலித்துக் கிண்டுகிறாள். உருண்டை பிடித்துத் தட்டில் வைத்தால் அது உட்காராமல் நாலா பக்கமும் பரவுகிறது. "இத்தப் போயி களின்னு சொன்னா, ராகி காதுல வுழுந்தா கோச்சுக்கும்" என்றாள். நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆனவன் வேறு என்ன சொல்வான்?

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மைசூர் எல்லையோரம் இருக்கிற பேரிகை என்ற ஊர்க்காரன். கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் ஆங்கில வாத்தியாராக இருந்தேன். சிநேகிதன் ஒருவன் பேச்சை நம்பிக் குடும்பத்தோடு கப்பலேறி, வட இங்கிலாந்தில் புகைபோக்கிகள் மலிந்த இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். ரயில்வே பார்சல் ஆபீசில் மாலை நேர வேலை கிடைத்தது. ராதம்மா பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறாள். எங்கள் மகள் சரோஜாவுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் சாலி.

2

பார்சல் ஆபீசில் ஒருநாள் பொட்டலம் சுற்றிவந்த பழைய செய்தித்தாளில் ஒரு விளம்பரம் பார்த்தேன். இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இசையும் இலக்கியமும் சேர்த்துப் படிக்கிற பட்டப் படிப்பு, மூன்று வருடம். எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. பேரிகையில் எங்கள் தெருவில் பாட்டில்லாமல் கதை சொன்னவரும் கிடையாது, கதையில்லாமல் பாடினவரும் கிடையாது. எங்கள் ஊர்க் கூத்துக்காரர்களை மனத்தில் வைத்துக்கொண்டுதான் யாரோ ஒரு புண்ணியவான் இந்தப் படிப்பை ஏற்படுத்தியிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

சேர்ந்த பிறகு தெரிந்தது, அந்தப் புண்ணியவான் படிப்பை ஏற்படுத்திவிட்டு ஓய்வு பெற்றுப் போய்விட்டார் என்று. அதில் அந்த வருடம் சேர்ந்தவன் நான் ஒருவன்தான். அடுத்த இரண்டு வருடமும் யாரும் சேரவில்லை.

இசைத் துறை ஒரு கட்டிடம். இலக்கியத் துறை ஒரு கட்டிடம். நடுவில் டிராம் ஓடுகிற பெரிய தெரு. இசைக்காரர்கள் என்னை இலக்கியத்துப் பையன் என்பார்கள். இலக்கியக்காரர்கள் என்னைப் பார்த்தவுடன், "இசைத் துறை எதிர்க் கட்டிடம்" என்று அன்போடு வழி காட்டுவார்கள். முப்பத்தொரு வயதில், மழைக்கோட்டைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு நாளைக்கு ஆறு தடவை அந்தத் தெருவைக் குறுக்கே கடந்தேன். டிராம் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் என் முகம் பழகிவிட்டது. என்னைக் கண்டதும் மணியை ஒரு தட்டுத் தட்டுவார்கள்.

என் விண்ணப்பத்தில் "துறை" என்று ஒரே ஒரு கட்டம். நான் இரண்டையும் நெருக்கி எழுதியிருந்தேன். இசைத் துறை அதை இலக்கியத்துக்கு அனுப்பியது. இலக்கியம் இசைக்குத் திருப்பியது. ஆறு வாரம் அந்தக் காகிதமும் என்னோடு தெருவைக் கடந்துகொண்டிருந்தது. கடைசியில் அது அலுவலகத்தில் மிஸஸ் பார்க்கர் என்ற அம்மாளின் மேஜையில் வந்து விழுந்தது. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருக்கிற, சிரிக்காத அம்மாள். "இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. நான் கப்பலேறுவதற்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் பக்கத்து ஊர்களை மெட்ராஸ் ராஜ்யத்தில் சேர்ப்பதா மைசூர் ராஜ்யத்தில் சேர்ப்பதா என்று பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம், எங்கள் வீட்டுக்கு ஓர் அதிகாரி நோட்டும் கையுமாக வந்தார். என் அப்பா களத்தில் கொள்ளு தூற்றிக்கொண்டிருந்தார்.

"வீட்டுல என்ன மொழி பேசுவீங்க?" என்றார் அதிகாரி.

"யாரு கிட்ட பேசறப்போ?" என்றார் அப்பா.

"பொதுவா."

"பொதுவா யாரும் பேச மாட்டாங்க சாமி. ஆளு கிட்டத்தான் பேசுவாங்க. எங்கம்மா கிட்ட தெலுங்கு. பொண்டாட்டி கிட்ட தமிழு. மாலூரு சந்தைக்குப் போனா கன்னடம்."

அதிகாரி கேலியாக, "மாட்டுகிட்ட?" என்றார்.

"மாடு எந்தச் சந்தையில வாங்கினதோ அந்த பாஷை."

"ஒண்ணுதான் எழுத முடியும் பெரியவரே."

"எழுதறது உங்க பாடு, எழுதிக்குங்க. பேசறது எங்க பாடு, நாங்க பேசிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு அப்பா முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அப்பாவின் மகனாகிய நானும் மிஸஸ் பார்க்கரிடம் கிட்டத்தட்ட அதையே சொன்னேன். அவர் என்னைக் கண்ணாடிக்கு மேலாக ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அளவுகோலை எடுத்து, கட்டத்தின் நடுவில் ஒரு கோடு கிழித்து, அதை இரண்டாக்கினார். அன்றிலிருந்து நான் சட்டப்படி மாணவன் ஆனேன்.

3

இசை வகுப்பில் முதல் மாதம் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. ஒரே நேரத்தில் நான்கு பேர் நான்கு விதமான சுரம் பாட வேண்டும். அதற்குப் பெயர் இசைவு. எங்கள் ஊரில் அப்படிப் பாடினால் விலக்கிவிட ஆள் வருவார்கள். முதல் தடவை கச்சேரிக்கு அழைத்துப் போனபோது, பழக்கத்தில் தொடையில் தாளம் போட்டேன். நல்ல இடம் வந்ததும் "சபாஷ்" என்றேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துப் பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். இருமலுக்கு நல்லது என்றார்.

இலக்கிய வகுப்பு வேறு தினுசு. அங்கே பாட்டை யாரும் பாடக்கூடாது. முணுமுணுத்தாலும் திரும்பிப் பார்ப்பார்கள். வாயால் பாடுவதற்கென்று எழுதினதைக் கண்ணால் மட்டும் படித்துவிட்டு, அதைப் பற்றி ஆறு பக்கம் எழுத வேண்டும்.

ஆனாலும் ஒப்பேற்றிவிட்டேன். பார்சல் ஆபீசில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்து, எழுத்துப் பரீட்சைகளை எல்லாம் தாண்டினேன். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. இரண்டு துறைப் பேராசிரியர்களும் சேர்ந்து உட்கார, ஒரு பழைய ஆங்கிலப் பாட்டை அவர்கள் முன் பாடிக்காட்ட வேண்டும். குரலுக்கு இசைக்காரர் மதிப்பெண் போடுவார். பாட்டின் பொருளை எப்படி உணர்ந்து பாடுகிறேன் என்பதற்கு இலக்கியக்காரர் போடுவார். இரண்டிலும் தேறினால் பட்டம். ஒன்றில் போனாலும் போச்சு. மறுபடி எழுதவும் முடியாது, ஏனென்றால் என்னோடு அந்தப் படிப்பையே மூடிவிடுவதாகத் தீர்மானம் செய்திருந்தார்கள்.

இங்கே ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர், பட்டத்தோடு வந்தால் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். வராவிட்டால் ஊருக்குத் திரும்பிவிடுவது என்று நானும் ராதம்மாவும் பேசி முடிவு செய்திருந்தோம். வயதான காலம் வரைக்கும் பார்சல் தூக்க என் முதுகு சம்மதிக்காது.

ராதம்மா தன் கட்சியை மறைக்கவில்லை. இந்த ஊர் அவளுக்கு ஒட்டவே இல்லை. தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் பேச ஆளில்லாமல் பெட்டி கட்டுவாள். மூன்று பாஷை சரளமாகப் பேசுகிறவள், இங்கே நாலாவதில் "தேங்க்யூ" தவிர ஒன்றும் தேவைப்படாமல் கிடந்தாள். ஊத்தங்கரையில் கட்டிக்கொடுத்த தங்கையிடமிருந்து கடிதம் வந்தால் இரண்டு நாள் முகம் சரியாக இருக்காது. மகளோ தெருவில் நாங்கள் தமிழ் பேசினால் பத்தடி முன்னால் போய்விடுவாள்.

"நீங்க பாஸானா உங்களுக்குப் பட்டம். பெயிலானா எனக்கு ராகிக் களி. எது வந்தாலும் வூட்டுல ஒருத்தருக்கு நல்லது" என்பாள்.

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் கப்பல் கம்பெனியின் கால அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள்.

4

கோளாறு அந்தச் சமையலறையில்தான் ஆரம்பித்தது. இரண்டு மாதம் பாட்டைப் பாடிப் பழக எனக்கு வேறு இடம் கிடையாது. எனக்குக் கொடுத்திருந்த பாட்டு ரொம்ப எளிமையானது. கடலுக்குப் போன புருஷனுக்காக ஒரு பெண் கரையில் காத்திருக்கிறாள். எட்டு அடி. எட்டு அடியிலும் காத்திருக்கிறாள்.

முதல் நாள் நான் பாடி முடித்ததும் ராதம்மா பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "இன்னாங்க, பாட்டு மட்டும் பாடிட்டு சும்மா நிக்கிறீங்க? அர்த்தம் யாரு சொல்றது?"

கூத்துப் பார்த்து வளர்ந்தவள் கேட்கிற நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்துக் கூத்தில், ராஜா வேஷம் கட்டினவர் ஓர் அடி பாடுவார். பாடினதோடு விடமாட்டார், அந்த அடிக்கு வசனத்தில் அர்த்தமும் சொல்வார். சொல்லி முடித்ததும் பக்கத்தில் நிற்கிற கட்டியங்காரன், அதாவது கோமாளி, "ஆமா" என்பான். அந்த ஆமா வந்த பிறகுதான் அடுத்த அடி. ராஜா சொல்வது நிஜமா பொய்யா என்பது பற்றிக் கட்டியங்காரனுக்குக் கவலையில்லை. நான் இங்கே இருக்கிறேன், நீ மேலே போ என்பதுதான் அதன் பொருள்.

சரி என்று நானும் ஓர் அடி பாடி, கூத்து வசனத்திலேயே அர்த்தம் சொன்னேன். "அகோ! பெண்ணானவள் சமுத்திரக் கரையோரத்திலே, காலை முதல் மாலை மட்டும், தன்னுடைய பர்த்தாவின் வரவை எதிர்பார்த்து நிற்கின்றாள்!"

"ஆமா" என்றாள் ராதம்மா, கரண்டியைத் தேய்த்தபடி.

அடுத்த அடி பாடினேன். அர்த்தம் சொன்னேன்.

"ஆமா. ஆனா ஏன் இன்னும் அங்கியே நின்னுக்கினு கீறா? வூட்டுக்குப் போயி அடுப்பு பத்த வெக்க வேணாமா?"

இப்படியே இரண்டு மாதம். பாட்டு ராதம்மாவுக்கும் பாடமாகிவிட்டது. நல்ல சுகமான பழக்கம். வேலை முடிந்து வந்த அலுப்பே தெரியவில்லை. அது என் தொண்டைக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதை நான் கவனிக்கவில்லை.

5

பரீட்சை நாளன்று குடும்பத்தார் வந்து கேட்கலாம் என்று அனுமதி உண்டு. ராதம்மா அரக்குப் பட்டுப் புடவை கட்டி, மேலே பெரிய கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டாள். வாசலில் நான் அவளிடம் கறாராகச் சொன்னேன். "இது கூத்து இல்லே. நான் பாடறப்போ ஒரு வார்த்தை பேசக்கூடாது. வாயைத் திறந்தியோ, எல்லாம் போச்சு."

"சரி, தெறக்கல" என்றாள்.

மூன்றாவது வரிசையில் அவளும் மகளும் உட்கார்ந்தார்கள். முன் வரிசையில் இசைப் பேராசிரியர். மெலிந்தவர், கண்ணை மூடியே இருப்பார். இரண்டு நாற்காலி தள்ளி இலக்கியப் பேராசிரியர். பருத்தவர், புகைக்குழாய் பிடிப்பவர். இருவரும் பல வருடங்களாகப் பேசிக்கொள்வதில்லை என்று கேள்வி. ஓரத்தில் மிஸஸ் பார்க்கர் மதிப்பெண் தாளோடு இருந்தார். ஒருவர் பியானோ வாசித்தார். நான் முதல் அடி பாடினேன். நன்றாகவே வந்தது, இசைக்காரரின் விரல் நாற்காலிக் கையில் அசைந்ததைப் பார்த்தேன்.

அடுத்து நான் செய்தது எனக்கே தெரியாமல் நடந்தது. ஒரு கால் முன்னால் போயிற்று. வலது கை உயர்ந்தது. "அகோ! பெண்ணானவள் சமுத்திரக் கரையோரத்திலே, காலை முதல் மாலை மட்டும், தன்னுடைய பர்த்தாவின் வரவை எதிர்பார்த்து நிற்கின்றாள்!" என்று முழங்கினேன். சுத்தத் தமிழில். பேரிகை ஏரிக்கரை வரைக்கும் கேட்கிற குரலில்.

பியானோ நின்றது. இசைக்காரர் கண்ணைத் திறந்தார். இலக்கியக்காரர் வாயிலிருந்து குழாயை எடுத்தார். மகள் தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

சரி, தப்பு நடந்துவிட்டது, சமாளித்துக்கொண்டு இரண்டாவது அடிக்குப் போய்விடலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. ஆமா வராமல் தொண்டை நகர மறுத்தது. வண்டிமாடு பழகின இடத்தில் நின்றுவிட்டால் நிற்பதுதான், அப்படி நின்றேன். ராதம்மாவைப் பார்த்தேன். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். பேசக்கூடாது என்று சொன்னவனே நான்தானே! கண்ணால் கெஞ்சினேன். அவள் குனிந்து தன் கைப்பையைப் பார்த்தாள். மிஸஸ் பார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்தார்.  அவமானமாக இருந்தது, அழுகை வரும்போல் இருந்தது; அதை மறைப்பானேன்.

அப்போது மூன்றாவது வரிசையில் ராதம்மா எழுந்து நின்றாள். கம்பளிக் கோட்டைச் சரி செய்துகொண்டாள்.

"ஆமா!" என்றாள்.

கூடம் முழுக்கக் கேட்டது. மடை திறந்தது. இரண்டாவது அடி பாடினேன், அர்த்தம் சொன்னேன், "ஆமா" வந்தது. அதற்கு மேல் நான் எதையும் தடுக்க முயலவில்லை. எட்டு அடியையும் அப்படியே முடித்தேன். நான்காவது அடிக்கு மேல் பியானோக்காரருக்கும் பிடிபட்டுவிட்டது. ஒவ்வொரு ஆமாவுக்கும் ஒரு தட்டு சேர்த்துக்கொண்டார். எட்டாவது அடி முடிந்ததும் ராதம்மா தன் பங்குக்கு, "பாவம், இன்னும் நின்னுக்கினே கீறா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

6

முடிவு வர ஒரு வாரமாயிற்று. காரணத்தைப் பின்னால் மிஸஸ் பார்க்கரே சொன்னார். இசைப் பேராசிரியர், பாட்டு இத்தனை தடவை நின்று நின்று போனால் அதை இசை என்று தான் ஒப்புக்கொள்ள முடியாது, ஆனால் பொருளை இவ்வளவு உணர்ந்து சொல்லி யாரையும் கேட்டதில்லை, எனவே இலக்கியத்துக்கு முழு மதிப்பெண் என்று எழுதிவிட்டார். இலக்கியப் பேராசிரியர், ஒரு வார்த்தை கூடப் புரியாத விளக்கத்துக்கு இலக்கியத்தில் மதிப்பெண் தர இயலாது, ஆனால் அந்தப் பேச்சின் தாளமும், குறிப்பாக மூன்றாம் வரிசை அம்மாள் வந்து சேர்ந்த இடமும் அபாரம், எனவே இசைக்கு முழு மதிப்பெண் என்று எழுதிவிட்டார். தத்தம் பாடத்துக்கு இரண்டு பேரும் எதுவும் போடவில்லை.

மிஸஸ் பார்க்கர் விதிகளை ஆறு நாள் புரட்டினாராம். இசைக்கு ஒரு மதிப்பெண், இலக்கியத்துக்கு ஒரு மதிப்பெண் வேண்டும், கீழே இரண்டு பேராசிரியர்களின் கையெழுத்தும் வேண்டும் என்று இருந்ததே தவிர, எதை யார் போட வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இரண்டு கட்டத்திலும் எண்களை நிரப்பி முத்திரை குத்திவிட்டார். இதைச் சொல்லும்போதுதான் அவர் சிரித்து முதன்முறையாகப் பார்த்தேன்.

கடிதம் வந்த அன்று ராதம்மா தொழிற்சாலையிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை. படித்துக் காட்டினேன். பட்டம் வந்துவிட்டது, வேலையும் நிச்சயம் என்றேன். அவள் போய்ச் சுவரிலிருந்த கப்பல் அட்டவணையை, காகிதம் கிழியாமல் ஓரம் ஓரமாக உரித்து எடுத்தாள். பிறகு அழுதாள். அழுதுகொண்டே இரண்டு பேராசிரியர்களையும் தெலுங்கில் திட்டினாள். இத்தனை படித்தவர்களுக்கு ஒரு பெயில் போடத் தெரியாதா என்பது சாரம். சந்தோஷச் செய்தியை வைத்துக்கொண்டு நான் குற்றவாளி மாதிரி நின்றேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கூடத்தில் அவள் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் நான் சொன்னபடி சும்மா இருப்பது ஒன்றுதான். இன்னும் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பழி முழுக்க என் மேல் விழுந்திருக்கும். அவளுக்கு ஊத்தங்கரைத் தங்கை, ராகிக் களி, பேச மூன்று பாஷை.

"நீ பேசாம இருந்திருந்தா, இந்நேரம் நாம கப்பல்ல இருந்திருப்போம் இல்லே?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதா அது?" என்று மூக்கைச் சிந்தினாள். "குனிஞ்சுக்கினு நூறு தடவ நெனச்சேன். பேசாத இருடி, பேசாத இருடின்னு. அப்பறம் நிமுந்து பாத்தா, நீங்க தனியா நின்னுக்கினு கீறீங்க. எப்பிடீங்க பாத்துக்கினு இருக்கறது?"

அட்டவணையை நாலாக மடித்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டுக் கோட்டைக் கழற்றினாள்.  சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்டாள்.